சான்றிதழா, அறிக்கையா, கொப்பியா?

பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். நான் கணக்கு எழுதுகிற கூட்டுறவு அரிசி ஆலைக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எங்களிடம் புழுங்கலரிசி வாங்குகிற கொழும்புக் கம்பனி ஒன்று அனுப்பியது. தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் என்று எட்டுப் பக்கப் படிவம். மற்றது, நெல் உலர்த்தும் இயந்திரத்துக்கு நாங்கள் உதவி கேட்டிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் கடிதம். செயற்றிட்டத்தின் நிலைபேற்றை எப்படி உறுதிப்படுத்துவீர்கள் என்று அதில் ஒரே ஒரு கேள்வி.

தலைவர் இரண்டையும் என் மேசையில் போட்டுவிட்டு, "தம்பி, ரெண்டும் ஒண்டுதானே, ஒரே பதிலை எழுதி அனுப்பிவிடு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் ஆலை ஓடுவதால் வாவிக்கும் காற்றுக்கும் ஆட்களுக்கும் என்ன ஆகிறது என்பது கம்பனியின் கேள்வி. தாங்கள் காசை நிறுத்திய பிறகும் எங்கள் இயந்திரம் ஓடுமா என்பது தொண்டு நிறுவனத்தின் கேள்வி. இரண்டு பேரும் 'நிலைபேறு' என்ற ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்கள்.

இந்தக் குழப்பம் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சங்கம், ஆலை, பாலுற்பத்தியாளர் குழு, சிறு தொண்டு நிறுவனம் நடத்துகிற பலர் இப்போது இதே கேள்விகளோடு நிற்கிறார்கள். எங்கள் நிர்வாகசபைக்காக, நிலைபேற்றை அளந்து காட்டுவதற்கான நாலு வழிகளை ஒப்பிட்டு நான் ஒரு குறிப்பு எழுதினேன். அதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

ஒப்பீட்டுக்குள் வராத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். சூழல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் ஒரு தெரிவு கிடையாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், நெல் அவிக்கிற ஆலைக்கு அது கட்டாயம். அது கையில் இல்லாமல் நிலைபேற்று அறிக்கை எழுதுவது, கூரை ஒழுகும்போது சுவருக்கு வர்ணம் பூசுகிற வேலை.

கொழும்புக் கம்பனிக்கு ஏன் திடீரென்று எங்கள் மேல் அக்கறை என்று சிலர் கேட்டார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. சர்வதேச நிலைபேற்றுத் தர சபை 2023 ஜூனில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு தரங்களை வெளியிட்டது. நிலைபேறு, காலநிலை பற்றிய விவரங்களைக் கம்பனிகள் எப்படி வெளிப்படுத்த வேண்டும் என்று சொல்பவை அவை. இலங்கையின் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அவற்றை இங்கேயும் ஏற்றுக்கொண்டு, பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பனிகளிலிருந்து 2025 முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. பெரிய கம்பனி தன் கூரைக்குக் கீழே நடப்பதை மட்டும் சொன்னால் போதாது. தனக்குச் சரக்குத் தருகிறவர்களின் கணக்கும் அதற்குத் தேவைப்படும். நெல் வயலில் தேங்கி நிற்கிற தண்ணீரிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது எடைக்கு எடை கரியமிலவாயுவை விட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே அரிசி விற்கிற கம்பனியின் கணக்கில் மிகப் பெரிய துண்டு எங்கள் பக்கத்து வயல்களில்தான் கிடக்கிறது. அந்தத் தரங்கள் எங்களைப் போன்ற ஆலைக்கு எழுதப்பட்டவை அல்ல என்பதால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆனால் அவற்றின் நிழல் எங்கள் முற்றத்திலும் விழுகிறது.

சான்றிதழ்

ஐஎஸ்ஓ 14001 என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். சூழல் முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரம் அது. 1996இல் முதலில் வந்தது, 2015இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் இங்கே சான்றிதழ் வழங்குகின்றன. நிர்வாகசபையில் பாதிப் பேருக்கு இதுதான் பிடித்திருந்தது. சட்டகம் போட்டு வாசலில் மாட்டலாம் அல்லவா.

இது உண்மையில் என்ன செய்கிறது? ஆலையின் ஒவ்வொரு வேலையும் சூழலை எங்கே தொடுகிறது என்று பட்டியல் போடச் சொல்கிறது. எது பெரிய பாதிப்பு, எந்தச் சட்டம் பொருந்தும், எதைக் குறைக்கப் போகிறோம், யார் பொறுப்பு என்று எழுத வைக்கிறது. பிறகு திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற சுற்றில் ஓடவிடுகிறது. சான்றிதழ் கிடைத்தபின் ஆண்டுதோறும் கண்காணிப்புக் கணக்காய்வு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கணக்காய்வு.

அந்தப் பட்டியலை ஒரு பயிற்சிக்காக நானும் ஆலை மேற்பார்வையாளரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஒரு தொன் நெல்லை ஊறப்போட ஏறத்தாழ அதே எடைத் தண்ணீரோ கொஞ்சம் கூடவோ வேண்டும். ஊறி முடிந்ததும் மஞ்சள் நிறத்தில், புளித்த மணத்தோடு அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்குகிறது. வாய்க்கால் வாவிக்குப் போகிறது. முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிற மாதங்களில் வாவித் தண்ணீர் கடலுக்கு வெளியேறாது. நாங்கள் விடுவது அங்கேயே நின்று அழுகும். ஒரு தொன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதை எரித்துத்தான் நெல் அவிக்கிறோம், அதனால் விறகுச் செலவு இல்லை, நல்லதுதான். ஆனால் அதில் மிஞ்சுகிற 35, 40 கிலோ சாம்பல் மதிலுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து, கச்சான் காற்றடித்தால் பக்கத்து வளவுகளில் காயப்போட்ட உடுப்பில் போய்ப் படிகிறது. இத்தனை வருடம் தினமும் பார்த்த விடயங்கள்தான். ஆனால் பட்டியலில் ஏறிய பிறகுதான் அவை எங்களுடைய வேலையாகத் தெரிந்தன.

அதனால் ஐஎஸ்ஓவின் முறை எனக்குப் பிடித்தது. சான்றிதழ்தான் தயக்கம். முதலாவது, ஆலை சுத்தமாக இருக்கிறது என்று அது சொல்வதில்லை, சுத்தம் செய்வதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. குறைந்த இலக்கு வைத்து அதை ஒழுங்காக எட்டுகிற ஆலைக்கும் சான்றிதழ் உண்டு. இரண்டாவது, அது சூழலைப் பற்றியது மட்டும். தளத்தில் வெயிலில் நின்று நெல் துழாவுகிற பெண்களுக்கு நாட்கூலி சரியாகக் கிடைக்கிறதா என்று அது கேட்காது. மூன்றாவது காசு. ஆலோசகருக்கும் கணக்காய்வுக்கும் எங்களிடம் சொல்லப்பட்ட தொகையில் இன்னொரு உலர்த்தும் தளமே போட்டுவிடலாம். ஏற்றுமதி செய்பவருக்கு, அல்லது சான்றிதழ் இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்று வாங்குபவர் கையெழுத்தோடு சொன்னவருக்கு, அந்தச் செலவு நியாயம். எங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அறிக்கை

ஜிஆர்ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உலகளாவிய அறிக்கையிடல் தரங்கள் இரண்டாவது வழி. 1989இல் அலாஸ்காக் கடலில் எண்ணெய்க் கப்பல் ஒன்று உடைந்து கடல் நாசமானபின், கம்பனிகள் தங்கள் சூழல் கணக்கையும் வெளியே காட்ட வேண்டும் என்று எழுந்த குரலில் பிறந்தது இது. 1997இல் அமைப்பு உருவாகி, 2000இல் முதல் வழிகாட்டி வந்தது. இன்று தண்ணீருக்கு 303, கழிவுக்கு 306, தொழிற் பாதுகாப்புக்கு 403 என்று இலக்கமிட்ட தரங்கள் உள்ளன. விவசாயம், மீன்பிடி சார்ந்தவர்களுக்கென்று 2022இல் 13ஆம் இலக்கத் துறைத் தரமும் வந்திருக்கிறது. இவ்வளவும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இதன் பலம் அகலம். சூழல், ஆட்கள், பணம், நிர்வாகம் எல்லாம் உள்ளே வருகிறது. எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. உங்களால் யாருக்கு, எதற்குப் பெரிய பாதிப்பு உண்டோ அதைத் தேடிக் கண்டுபிடித்து எழுதச் சொல்கிறது. பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு: தரங்களை முழுமையாகப் பின்பற்றினோம் என்று சொல்லாமல், இன்னின்ன தரத்தை மேற்கோளாகக் கொண்டு எழுதினோம் என்று சொல்லியும் அறிக்கை தரலாம். சிறிய நிறுவனங்களுக்கு இந்த இரண்டாவது கதவுதான் அளவு.

ஆனால் அறிக்கை எழுதுவதும் ஆலையை நிர்வகிப்பதும் ஒன்றில்லை. கையில் எண் இருந்தால்தான் அறிக்கை. எங்களிடம் தண்ணீர் மீற்றர்கூட இல்லை. கிணற்றிலிருந்து மோட்டார் இழுக்கிறது, தொட்டி நிரம்புகிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் அறிக்கை எழுதினால் அது வசன அலங்காரமாகத்தான் முடியும். நல்ல வழவழப்பான தாளில், பதினேழு நிறச் சதுரங்களை அடுக்கி, 'நாம் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் எட்டுக்குப் பங்களிக்கிறோம்' என்று போடுகிற அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐ.நா. வகுத்த அந்த 17 இலக்குகளுக்கும் கீழே 169 குறியிலக்குகள் இருக்கின்றன. அவற்றில் எதற்கு, எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது.

இன்னொரு சங்கடம் காலக்கணக்கு. அறிக்கைக்கு ஆண்டு வேண்டும், ஆலைக்கு ஆண்டு என்று ஒன்று இல்லை, போகம்தான் இருக்கிறது. மாசி பங்குனியில் பெரும்போக நெல் வந்து இரவு பகலாக ஓடுவோம். ஐப்பசிக்குப் பிறகு மழையில் நெல் காய இடமில்லாமல் பாதி நாள் சும்மா கிடப்போம். சிறுபோகம் உன்னிச்சை, நவகிரிக் குளங்களில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வெள்ளம் வந்த வருடம் நெல் குறைந்து எங்கள் மின்சாரப் பாவனையும் குறைந்தால், அறிக்கையில் அது சிக்கனம் மாதிரித் தெரியும். ஒரு தொன் நெல்லுக்கு எத்தனை அலகு என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

செயற்றிட்ட மதிப்பீடு

மூன்றாவது வழி தொண்டு நிறுவனங்களின் வழி. பெரும்பாலானவர்கள் ஓஈசிடி என்ற பணக்கார நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் உதவிக் குழு வகுத்த அளவுகோல்களைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். 1991இல் ஐந்தாக இருந்தவை 2019இல் ஆறாயின: பொருத்தம், மற்ற வேலைகளோடு இசைவு, குறிக்கோளை எட்டியதா, செலவுக்கேற்ற பயன் உண்டா, நீண்டகால விளைவு என்ன, கடைசியாக நிலைபேறு. செயற்றிட்ட முகாமைக்காரர்கள் பாவிக்கும் பி5 என்ற தரமும் இருக்கிறது. மக்கள், பூமி, செழிப்பு ஆகிய மூன்றையும் செயற்றிட்டத்தின் விளைபொருளுக்கும் செயல்முறைக்கும் தனித்தனியாகப் பார்க்கிற முறை அது. நல்ல முறைதான், ஆனால் எங்கள் அளவுக்குக் கனம்.

இந்த வழியின் பெறுமதியைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை. கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குப் பஸ் ஏறி ஒலுவிலில் இறங்கினால் போதும். டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம். கிழக்கில் துறைமுகம் வேண்டுமா என்றால் வேண்டும்தான், பொருத்தம் இருந்தது. கட்டி முடித்துத் திறந்தும் விட்டார்கள். ஆனால் எங்கள் கரையில் கடல் மணலை ஓயாமல் வடக்கே நகர்த்திக்கொண்டிருக்கிறது. அதன் குறுக்கே அலைதடுப்புச் சுவர் எழும்பியதும் வாயிலில் மணல் சேர்ந்தது, வடக்கே நிந்தவூர் பக்கம் கரை கரைந்தது. தென்னையும் தோணி ஏற்றுகிற இடமும் போயின. துறைமுகத்துக்குள் வள்ளம் போய்வர மணல் அள்ள வேண்டும், அள்ளியது மறுபடி நிரம்பும். மணலைத் தொடர்ந்து அள்ளுகிற செலவு யாருடையது என்ற ஒற்றைக் கேள்வியைத்தான் ஆறாவது அளவுகோல் கேட்கிறது.

அதே அம்பாறை மாவட்டத்தில் நேர்மாறான கதையும் உண்டு, இதை நம் ஆட்களே அதிகம் பேசுவதில்லை. கல்லோயா இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் வேலை அமெரிக்க உதவியோடு நடந்தபோது, 1980களின் தொடக்கத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை ஊருக்குள் அனுப்பின. அவர்களுடைய வேலை சீமெந்து பூசுவது இல்லை. ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற கமக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் வேலை. முறைவைத்துத் தண்ணீர் விட, வாய்க்காலைத் தாங்களே துப்புரவு செய்ய அவர்கள் பழகிக்கொண்டார்கள். உதவி முடிந்து இளைஞர்களும் போய்விட்டார்கள். 1997 சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் வயலில் ஒரு சிறு பங்குக்குத்தான் காணும் என்றிருந்த நிலையில், போர்க்காலத்தில், அந்தக் கமக்காரர்கள் பகிர்ந்து விட்டு நல்ல விளைச்சல் எடுத்தார்கள் என்று அதைத் தொடர்ந்து கவனித்துவந்த நோர்மன் அப்ஹோவ் போன்றவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எங்கள் உலர்த்தி இயந்திரத்தை யோசித்தேன். இயந்திரம் வரும். மூன்றாவது வருடம் அதன் பேரிங் போகும். உதிரிப்பாகம் கொழும்பிலா, வெளிநாட்டிலா? அதை ஓட்டத் தெரிந்த பையன் மத்திய கிழக்குக்குப் போனால் அடுத்தவர் யார்? ஒரு மூட்டை உலர்த்த எவ்வளவு கட்டணம் வாங்கினால் தேய்மானத்துக்கு ஒதுக்க முடியும்? தளத்தில் நெல் துழாவுகிற பன்னிரண்டு பெண்களின் கூலி என்னாகும்? கடைசிக் கேள்வியைக் கூட்டத்தில் நான் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆக, இந்த அளவுகோல்கள் கூர்மையானவை. குறை எங்கே என்றால் அவற்றைப் பாவிக்கிற நேரத்தில். செயற்றிட்டம் முடிந்து, காசு செலவாகி, ஒரு மதிப்பீட்டாளர் வாகனத்தில் வந்து இரண்டு நாள் தங்கி எழுதுவார். அப்போது மாற்ற எதுவும் இருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை நாமே நம்மிடம் கேட்டுக்கொண்டால் முழுப் பெறுமதியும் கிடைக்கும். அப்புறம், இது ஒரு செயற்றிட்டத்துக்கான அளவுகோல், நிறுவனத்துக்கானது இல்லை. நாளாந்தம் ஓடுகிற ஆலையை இதை வைத்து நடத்த முடியாது.

கொப்பி

நான் சிபாரிசு செய்தது நாலாவது வழியை. எண்பது பக்கக் கொப்பி, பன்னிரண்டு எண்கள், போகத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்ப்பது.

எண்களைத் தெரிவு செய்வதில்தான் சண்டை. எடுத்தவுடன் முப்பத்தாறு வந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி வைத்தோம்: இந்த எண் கூடினாலோ குறைந்தாலோ நாங்கள் எதையாவது மாற்றுவோமா? வேலைக்கு நிற்கிற ஆளே இதை அளக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றவைதான் மிஞ்சின. ஒரு தொன் நெல்லுக்குத் தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எத்தனை அலகு, ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை லீற்றர், ஒரு தொன் நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு குறுணல், மதிலுக்குப் பின்னால் சேர்ந்த சாம்பலில் எவ்வளவு வெளியே போனது, ஊறல் தண்ணீர் தொட்டியில் நிற்காமல் நேரே வாய்க்காலுக்கு இறங்கிய நாட்கள் எத்தனை, காயம் பட்டவர்கள் எத்தனை பேர், ஆண் பெண் நாட்கூலி வித்தியாசம், மழையால் வேலை இழந்த நாட்கள், பொதுக்கூட்டத்துக்கு வந்த அங்கத்தவர் தொகை. பன்னிரண்டாவதாக, நெல் தந்த நாளிலிருந்து கமக்காரனுக்குக் காசு போய்ச் சேர எத்தனை நாள்.

இந்தக் கடைசி எண்ணை நான் நினைத்திருக்கவே மாட்டேன். குருமண்வெளிப் பக்கமிருந்து ஓடத்தில் வந்துபோகிற ஒரு மூத்த அங்கத்தவர்தான் சொன்னார்: "வாவிய காப்பாத்துறது நல்லம்தான் மகன். ஆனா நெல்லுக் காசு ரெண்டு மாசம் பிந்தினா நாங்க அடுத்த போகம் முதலாளிக்குத்தான் குடுப்பம். பிறகு மில்லு எங்க?" நிலைபேற்றின் பொருளாதாரப் பக்கம் என்று தரங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் மூச்சு விடாமல் சொல்லிவிட்டார். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, விளைச்சல் விழுந்து, நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டிவந்ததைப் பார்த்த கமக்காரர்கள் இவர்கள். சூழலின் பெயரால் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் மறுபக்கம் என்னாகும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

கொப்பியை மற்ற மூன்றோடும் இணைக்க முடியும் என்பதும் ஒரு காரணம். தண்ணீர் எண் ஜிஆர்ஐ 303க்குப் போகும், சாம்பல் 306க்கு, காயம் 403க்கு. கம்பனியின் எட்டுப் பக்கப் படிவத்தில் பெரும்பகுதியை இதிலிருந்தே நிரப்பலாம். ஐஎஸ்ஓ முறைக்காக நாங்கள் போட்ட பட்டியல் கொப்பியின் முதல் பக்கமாகிவிட்டது. நாளைக்கு வாங்குபவர் சான்றிதழ் கேட்டால், மூன்று போக எண்களோடு கணக்காய்வாளர் முன் உட்காரலாம். வெறுங்கையோடு தொடங்குவதை விட அது எவ்வளவோ மேல். படிவத்தில் எண் இல்லாத இடங்களில் 'இன்னும் அளக்கவில்லை, இந்தப் போகம் முதல் அளப்போம்' என்று எழுதி அனுப்பினேன். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. கம்பனி ஏற்றுக்கொண்டது.

கொப்பியின் குறைகளை மறைத்தால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. வெளியே இருந்து யாரும் சரிபார்ப்பதில்லை. நமக்கு நாமே புள்ளி போடும்போது கை தாராளமாகும். அதற்கு இரண்டு ஏற்பாடு செய்தோம். எண்களைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்பது ஒன்று. இன்னொரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளர் போகத்துக்கு ஒருமுறை எங்கள் கொப்பியைப் பார்ப்பது, நான் அவர்களுடையதைப் பார்ப்பது மற்றது. இது சுயாதீனக் கணக்காய்வுக்கு ஈடாகாது, தெரியும். வங்கிக்கும் வெளிநாட்டு வாங்குபவருக்கும் இது போதாது. எழுதுகிற ஆள் போய்விட்டால் கொப்பியும் நின்றுவிடும் என்பது இன்னும் பெரிய பயம். ஐஎஸ்ஓவில் அதற்கு ஒழுங்கு எழுதப்பட்டிருக்கும், இங்கே இல்லை.

எல்லாருக்கும் கொப்பி போதும் என்றும் சொல்ல மாட்டேன். பாசிக்குடாவில் வெளிநாட்டு முகவர்கள் ஊடாக அறை விற்கிற ஹோட்டலுக்கு வெளியார் தருகிற சான்றிதழ் விருந்தினரைக் கொண்டுவரும், அங்கே அது முதலீடு. பல உதவி வழங்குநர்களோடு வேலை செய்கிற தொண்டு நிறுவனம், ஆளாளுக்கு வெவ்வேறு அறிக்கை எழுதிக் களைப்பதை விட, ஜிஆர்ஐயை மேற்கோளாகக் கொண்டு ஒரே அறிக்கை வைத்திருப்பது மலிவு. கரையோரத்தில் இறால் பண்ணையோ இறங்குதுறையோ கட்டப்போகிறவர் இந்த நாலையும் வைத்துவிட்டு, முதலில் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவையா என்று கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் போய்க் கேட்க வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நிர்வாகசபை கொப்பிக்கு ஒத்துக்கொண்டது, சான்றிதழை இரண்டு வருடத்துக்குத் தள்ளிவைத்தது. முதல் செலவு மோட்டார்க் குழாயில் பூட்டிய தண்ணீர் மீற்றர். பூட்டிய முதல் வாரத்திலேயே இரவில் ஆலை நிற்கும்போதும் முள் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டியின் மிதவை வால்வு எத்தனை மாதமாக ஒழுகியதோ தெரியாது, அன்றைக்கே மாற்றினோம். உலர்த்திக்கான விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லை. அந்தப் பன்னிரண்டு பெண்களில் நாலு பேரை இயந்திரம் ஓட்டப் பழக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. மற்ற எட்டுப் பேருக்கும் என்ன வழி என்பதற்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அவர்களையும் அழைத்திருக்கிறோம்.